கையிலிருக்கும் கணிப்பொறி யாருடையது?



மேசைமீது வைத்து இயக்கும் கணிப்பொறி, வானம் பார்த்த நம் பூமியின் வீடுகளுக்கு முறையாக வந்து சேரவே இல்லை. அதற்கு முன்பே கையில் அடங்கும் கணிப்பொறி வந்துவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்து ஏறினால், நடத்துனர் கையில் வைத்திருக்கும் பயணச்சீட்டுக் கருவி ஒரு கணிப்பொறி. ரேஷன் கடையில் நம் பெரியவர்களின் விரல் ரேகையைக் கேட்டு நிற்கும் கருவி இன்னொன்று. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடையைப் பதிவது கைபேசியில். தவணை வசூலிக்க வருகின்ற நிதி நிறுவன ஊழியர் பேரேட்டைத் தூக்கி வருவதில்லை. கைபேசியைத்தான் கொண்டு வருகிறார். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டப் போகும் தொழிலாளியின் மடியிலும் ஒன்று இருக்கிறது. ‘போன்’ என்றும் ‘மிஷின்’ என்றும் சொல்லிப் பழகிவிட்டதால், இவை ஒவ்வொன்றும் முழுமையான கணிப்பொறி என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

பந்தல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு எழுதியுள்ள கடிதமே இம்மாத எண்ணங்களுக்குக் காரணம். பன்னிரண்டு பெண்கள் கூடி நடத்தும் குழு. பல ஆண்டுச் சேமிப்பு. “கணக்கு நோட்டை இனி மூடிவிடலாம், எல்லாவற்றையும் ஒரு செயலியில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். அந்தச் செயலியை நம்பலாமா, சாமி? அதற்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டிருக்கிறார். முதற் கேள்விக்கு யாரும் ஏதேனும் ஒரு பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி அப்படிப்பட்டதன்று. உலகின் மென்பொருள் அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வருகின்ற கேள்வி அது. அச்சகோதரி அதனை இரண்டே வரிகளில் எழுதிவிட்டார்.

அருப்புக்கோட்டை நெசவாளக் குடும்பங்களுக்கு இந்த வாதத்தை விளக்குவது கடினமன்று. தறியின் மேலே ஏற்றிய ஜக்கார்டுப் பெட்டியையும், அதில் கோத்துத் தொங்குகின்ற துளையிட்ட அட்டைகளையும் கண்டவர்கள் நீங்கள். எந்த இழை எழும்ப வேண்டும், எந்த இழை தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுவது அந்தத் துளைகளே. பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வமைப்பை உருவாக்கினார். பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்கு இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். ஆகவே தறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. அது இரத்த உறவு. தறி வன்பொருள், அட்டை மென்பொருள்.

இப்போது ஒரு முதலாளி உங்களுக்குத் தறியைத் தருகிறார் என்று கொள்ளுங்கள். ஆனால் அட்டைகள் இருக்கும் பெட்டிக்கு முத்திரையிட்டுப் பூட்டிவிடுகிறார். முந்தானைப் பூவில் ஓர் இதழ் கோணியிருந்தாலும் நீங்கள் அட்டையைத் தொடலாகாது. அவர்தான் திருத்த வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால் அந்தக் கோணல் என்றைக்கும் கோணலாகவே இருக்கும். உங்கள் தறியில் எத்தனை முழம் நெய்தீர்கள் என்பதை அந்தப் பெட்டி இரவோடிரவாக அவருக்கு அறிவித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மூடிய மென்பொருள் என்பது இதுதான். அட்டைகளைத் திறந்து வைத்து, ‘பார்த்துக்கொள், படியெடுத்துக்கொள், மாற்றிக்கொள், அடுத்த தறிக்காரனுக்கும் கொடு; ஆனால் நீ மாற்றிய அட்டையையும் இதேபோல் திறந்து வை’ என்று சொல்வது மற்றொரு வழி. அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் இந்த இரண்டாவது வழியை அறிவித்து, 1989-இல் அதற்கென ஒரு சட்ட உரிமத்தையும் எழுதி வெளியிட்டார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், பின்னர் அந்த உரிமத்தின்கீழ் வளர்ந்து உலகெங்கும் பரவியது. தமிழில் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே பெரிய குழப்பம் உண்டு. நம் மொழியில் அந்தத் தொல்லை இல்லை. கட்டற்றது என்றால் கட்டற்றது. விலை வேறு செய்தி.

இந்தக் கொள்கையைக் கையடக்கக் கணிப்பொறியில், அதுவும் கிராமத்து ஏழைகளை மனத்தில் வைத்துச் செய்து பார்க்கத் துணிந்தவர்கள் நம் அண்டை மாநிலத்தில்தான் இருந்தார்கள் என்பதை இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் அறியார். 1998 அக்டோபரில் பெங்களூரில், வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு பயன்பட வேண்டும் என்று ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அதன் பயனாக 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை தோன்றியது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் அதில் ஒன்று கூடினர். எளிய, மலிவான, பல மொழி பேசுகின்ற மக்கள் கணிப்பொறி என்னும் பொருள்பட அந்தப் பெயரை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் முன்மாதிரியை வெளியிட்டார்கள்.

அது எப்படி இருந்தது? உள்ளங்கையில் அடங்கும் உருவம். 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட திரை; அதன்மீது ஒரு சிறு கோலால் தொட்டு எழுதலாம். 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலகம். நினைவகம் 32 அல்லது 64 மெகாபைட். இன்று நம் வீட்டில் கிடக்கும் மிக மலிந்த கைபேசியின் முன்னே இது கடுகளவு. மின்சாரம் நிலையில்லாத ஊர்களை எண்ணி, கடையில் கிடைக்கும் மூன்று சிறு பேட்டரிக் கட்டைகளாலும் இயங்கும்படி செய்திருந்தார்கள். உள்ளே ஓடியது லினக்ஸ். விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது குறிக்கோள்.

அந்த விலையும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு என்னை மிகவும் கவர்கிறது. கருவியை ஊர் பொதுவில் வைத்துக்கொள்ளட்டும்; ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சில்லு அட்டை இருக்கட்டும். அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகிவிடும். உருவினால் அடுத்தவருக்குப் போய்விடும். பங்கின் பொது அண்டாவைத் திருமணத்துக்கு வாங்கிச் சமைத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். அரிசியும் பருப்பும் நம்முடையவை. ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவரவர் கணக்கும் விவரமும் அவரவர் கையிலுள்ள அட்டையிலேயே தங்கியிருந்தன. 2017 முதல் தமிழகத்தில் வழங்கப்பட்ட மின்னணு குடும்ப அட்டையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் அட்டையில் இருப்பது ஒரு கட்டக் குறியீடு மட்டுமே. கணக்கு எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கிறது. சிக்னல் இல்லாத பொழுதில், ரெட்டியபட்டியிலிருந்து வெயிலில் நடந்து வந்த பாட்டி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க நேர்வது அதனால்தான். எது பெரிய தொழில்நுட்பம் என்று என்னைக் கேட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன வழி? சிம்ப்யூட்டருக்காகத் ‘த்வனி’ என்னும் மென்பொருளைப் பேராசிரியர் ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கினார். இந்திய மொழி எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கின்ற மென்பொருள் அது. நம் எழுத்துகள் ஒலியை ஒட்டி அமைந்தவை ஆதலால், ஆங்கிலத்தைப் படிக்க வைப்பதைக் காட்டிலும் இது சிறிய நிரலால் நிறைவேறியது. அந்தச் சிறுமைதான் 64 மெகாபைட்டுக் கருவிக்குள் அதனை நுழையவிட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் சிம்ப்யூட்டரோடு அது மறைந்துவிடவில்லை. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்ஙல் முதலியோர் பின்னாளில் அதனை எடுத்து வேறு மொழிகளுக்கும் வளர்த்தார்கள்.

மென்பொருள் மட்டுமன்றி, கருவியின் வரைபடத்துக்கும் அவர்கள் ஓர் உரிமம் வகுத்தார்கள். கட்டணம் செலுத்தி எந்த நிறுவனமும் கருவியைச் செய்யலாம். வளரும் நாட்டு நிறுவனத்துக்குக் குறைந்த கட்டணம். அதில் ஒரு முன்னேற்றத்தைக் கண்டுபிடித்தால் சிறிது காலம் அதன் பயனைத் தானே அனுபவித்துவிட்டு, பிறகு அறக்கட்டளைக்கு ஒப்படைத்துவிட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் 2001-ஆம் ஆண்டின் சிறந்த எண்ணங்களுள் ஒன்றாக இதனை நியூயார்க் டைம்ஸ் வார இதழில் பாராட்டி எழுதினார். 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அப்பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபீட்டா நிறுவனம் ‘அமிடா’ என்ற பெயரில் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தது. கையை அசைத்தால் பக்கம் புரளும் ஏற்பாடு அதில் இருந்தது. ஐபோன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

விற்றதோ சில ஆயிரங்கள் மட்டுமே.

ஏன் தோற்றது என்பதைப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படுகின்ற காரணங்கள் மூன்று. விலை குறிக்கோளில் நிற்கவில்லை. வண்ணத் திரையுள்ள அமிடா 20,000 ரூபாயை நெருங்கியது. அதே ஆண்டுகளில் சாதாரணக் கைபேசி மளமளவென்று மலிந்து, ‘பேசவும் முடியும்’ என்ற ஒரே வலிமையால் எல்லார் கைக்கும் போய்விட்டது. சிம்ப்யூட்டரால் அப்படிப் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்துக்கென்று செய்த கருவியைக் கிராமத்தான் தன் காசில் வாங்கமாட்டான், அரசுதான் மொத்தமாக வாங்க வேண்டும். அரசுகள் மாதிரிக்குச் சில வாங்கினவே தவிர மொத்தமாக வாங்கவில்லை. கருநாடகத்தில் நிலப் பதிவேட்டுப் பணிக்கும், சத்தீசுகரில் பள்ளிகளிலும் முயன்று பார்த்தார்கள். என்கோர் நிறுவனம் அதே அடிப்படையில் இராணுவத்துக்காகச் ‘சாத்தி’ என்னும் போர்க்களக் கருவியைச் செய்தது. உழவனுக்காக வடித்த ஏர் வாளாகிப் போனதை எண்ணும்போது மனம் சற்று வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் சிம்ப்யூட்டர் எழுப்பிய கேள்வி அதனுடன் அடங்கிவிடவில்லை. நம் பக்கத்திலேயே மீண்டும் எழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தபன் பாரிக் என்பவர், தமிழகத்தின் ஊரக மகளிர் குழுக்களிடையே தங்கி, கணக்கு எழுதுவதில் அவர்கள் படும் பாட்டை ஆராய்ந்தார். நோட்டைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. காகிதத்தைத்தான் பெண்கள் நம்புகிறார்கள், கையொப்பமும் விரல் ரேகையும் அதில்தான் இருக்கின்றன என்பதைக் கண்டுகொண்டு, அந்தக் காகிதப் படிவத்திலேயே சிறு குறியீடுகளை அச்சிட்டார். கேமரா உள்ள நோக்கியா கைபேசியை அந்தக் குறியீட்டின்மீது காட்டினால், ‘இந்தக் கட்டத்திலுள்ள தொகையை இடுக’ என்று கைபேசி தமிழில் கேட்கும். ஊழியர் எண்ணை அழுத்துவார். 2006-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் அவருக்கு மனிதநேயப் பணிக்கான சிறப்பை வழங்கியது. நம் பெண்களின் நோட்டுப் புத்தகத்தின் முன்னே ஒரு பெரிய பல்கலைக்கழகம் பணிந்து நின்று கற்றுக்கொண்டது என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேத்தானோ பொரியெல்லோவும் அவர் மாணவர்களும் 2008-இல் ‘ஓ.டி.கே.’ என்னும் திறமூல மென்பொருளைத் தொடங்கினார்கள். படிவத்தைக் கைபேசியில் வைத்து, சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புகின்ற கருவி அது. உலகெங்கும் நலப்பணியாளர்களும் கணக்கெடுப்பாளர்களும் இன்று அதனை அல்லது அதிலிருந்து கிளைத்தவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ‘காம்கேர்’ என்பது மற்றொரு திறமூல மென்பொருள். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய போஷன் அபியான் திட்டத்தில், பல மாநிலங்களில் அங்கன்வாடிப் பணியாளர் கையிலிருந்த செயலி இந்தக் காம்கேர் அடித்தளத்தில் கட்டப்பட்டதே. அதே 2018-இல்தான் நம் விருதுநகர் மாவட்டம், இராமநாதபுரத்தோடு சேர்ந்து, முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் பணியாளருக்கு விடுதலை கிடைத்துவிடுவதில்லை. 2021-இல் அந்தச் செயலி நிறுத்தப்பட்டுப் ‘போஷன் டிராக்கர்’ என்ற வேறொன்று வந்தது. கருவி தரக்குறைவானது, செயலியின் மொழி எங்களுக்குப் புரியவில்லை என்று மராட்டிய மாநிலத்தில் அவ்வாண்டு அங்கன்வாடிப் பணியாளர்கள் கைபேசிகளைத் திரும்ப ஒப்படைத்துப் போராடினார்கள். முதலில் எந்த மென்பொருள் வர வேண்டும் என்றோ, அது ஏன் மாற வேண்டும் என்றோ அவர்களை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. அட்டைப்பெட்டியைத் திறந்து வைப்பது ஒன்று. நெசவாளனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘உனக்கு எந்தப் பூ வேண்டும்?’ என்று கேட்பது வேறொன்று. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்ததாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் அறிஞர்களிடத்தில் உண்டு.

நம் வீடுகளிலுள்ள கைபேசிகளுக்கு வருவோம். 2008-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் அடியிலே ஓடுவது லினக்ஸ்தான். அதன் பெரும்பகுதி மூலநிரல் இன்றும் திறந்தே கிடக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு அறிமுகமான ‘பாரோஸ்’ அந்தத் திறந்த நிரலின்மேல் கட்டப்பட்டதே. ஆனால் கடையில் நாம் வாங்கும் கருவியில், அந்தத் திறந்த அடித்தளத்தின்மேல் மூடிய அறைகள் பல கட்டப்பட்டிருக்கின்றன. கிணறு பொது, கயிறும் வாளியும் தனியார் சொத்து. இன்னும் வியப்பான கதை ஜியோபோனுடையது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தந்த மொசில்லா அமைப்பு, ஏழை நாடுகளுக்கென்று முழுவதும் திறந்த ஒரு கைபேசி இயங்குதளத்தை 2013-இல் வெளியிட்டது. 2014-இல் 1,999 ரூபாய்க்கு இண்டெக்ஸ் கைபேசியாக அது இந்தியாவுக்கும் வந்தது. விற்பனை எடுபடாமல் மொசில்லா அதனைக் கைவிட்டது. கைவிட்டாலும் நிரல் திறந்தே கிடந்ததால், வேறொரு நிறுவனம் அதை எடுத்து ‘காய்.ஓ.எஸ்.’ ஆக்கியது. 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோனில் ஓடியது அதுவே. களையெடுக்கப் போகும் பெண்களும் ஆடு மேய்க்கும் முதியவரும் தம்மையறியாமலேயே ஒரு திறமூலக் கணிப்பொறியைக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் அதன் உள்ளே புகுந்து எதையும் மாற்ற அவர்களால் இயலாது. பூட்டுப் போட்டே விற்றார்கள். திறந்த விதையிலிருந்து வேலியிட்ட தோட்டம் முளைப்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தமிழ் எழுத்தின் நிலையையும் ஒருவாறு சொல்லியாக வேண்டும். முதலில் வந்த ஆண்ட்ராய்டுக் கருவிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றியது பலருக்கு நினைவிருக்கும். வணிக நிறுவனங்கள் கவனிப்பதற்கு முன்பே ஆர்வலர்கள் கவனித்தார்கள். கணிப்பொறியில் தமிழ் தட்டச்சிடத் ‘தமிழா’ குழுவினரின் எ-கலப்பை. 2004-இல் ரெட்ஹேட் நிறுவனம் திறந்த உரிமத்தில் வழங்கிய லோகித் எழுத்துரு. கைபேசியில் தமிழ்99 முறையிலும் தட்டச்சிட உதவுகின்ற இண்டிக் கீபோர்டு. எல்லாம் திறமூலமே. நம் வீரமாமுனிவர் எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் வேறுபடுத்த, நெடிலுக்குச் சுழித்த கொம்பு இட்டார். அதற்கு அவர் உரிமத் தொகை கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்விதழை அச்சிடுவதே பெருஞ்செலவாகியிருக்கும்!

இனி அந்தச் சகோதரிக்கு என் பதில். நோட்டை மூடாதீர்கள். செயலியும் வரட்டும்; ஆனால் அதைக் கொண்டு வருபவரிடம், ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டுமன்றிக் குழுவின் அத்தனை பேரும் அமர்ந்திருக்கும்போது, சிலவற்றைக் கேளுங்கள். எங்கள் கணக்கு முழுவதையும் நாங்கள் விரும்பும் நாளில் எடுத்து அச்சிட்டுத் தர முடியுமா? நாளைக்கு உங்கள் நிறுவனம் இழுத்து மூடப்பட்டால் எங்கள் பத்தாண்டுக் கணக்கு எங்கே போகும்? சிக்னல் இல்லாத நாளில் இது வேலை செய்யுமா? ஒரு தொகையைத் தவறாக ஏற்றிவிட்டால், திருத்தியவர் யார், எப்போது திருத்தினார் என்று காட்டுமா? வட்டியை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் திறந்து காட்டுவீர்களா, ‘அது கம்பெனி இரகசியம்’ என்பீர்களா? கடைசிக் கேள்விக்கு இரகசியம் என்று பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த மனிதருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். கடன் கொடுத்தவனுடைய பெட்டிக்குள்ளேயே நம் வட்டிக் கணக்கும் பூட்டிக் கிடந்த காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கந்துவட்டிக்காரனின் துண்டுச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் நிலத்தை இழந்த குடும்பங்கள் குண்டாற்றின் இரு கரையிலும் உண்டு. சீட்டு இப்போது ஒளிரும் கண்ணாடியாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த மூலநிரலை எங்களால் படிக்க முடியாதே என்று அவர் கேட்கலாம். உண்மை. நானும் படிக்கமாட்டேன். நிலப் பத்திரத்தை நாமே படித்துப் பொருள் கொள்வதில்லை; ஆயினும் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருப்பதால், தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு நகல் எடுத்துப் படிக்கச் செய்கிறோம். திறந்திருப்பதன் பயன் அதுவே. தெரிந்தவர் யார் என்றால், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் குறைவில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு சொல். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் மடிக்கணிப்பொறி சில வீடுகளில் பழுதாகி அலமாரியில் கிடக்கிறது. பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான் உண்டு. ‘டெர்மக்ஸ்’ என்ற திறமூலச் செயலியை ஆண்ட்ராய்டுக் கைபேசியில் ஏற்றினால், அது ஒரு சிறு லினக்ஸ் கணிப்பொறியாகவே நடந்துகொள்ளும். பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்து மகன் ஏதோ தகாத வேலை செய்கிறான் என்று அஞ்ச வேண்டா. விளையாட்டையும் குறும்படத்தையும் தள்ளிக்கொண்டிருக்கும் விரலைவிட, பிழை செய்திக்கு மேல் பிழை செய்தி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விரலுக்கு நம் ஆதரவு தேவை. எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியம் 2010 முதல் இயங்கி வருகிறது. அதில் விளம்பரமோ பின்தொடரும் ஒற்றோ இல்லாத செயலிகள் கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், ஆண்ட்ராய்டுக்குச் செயலி எழுதுவோர் அனைவரும் தம்மிடம் பெயரைப் பதிந்து அடையாளம் காட்ட வேண்டும் என்ற விதியை அறிவித்தது. மோசடிச் செயலிகளைத் தடுக்கவே என்றது. எஃப்-டிராய்டு இதனைக் கடுமையாக எதிர்த்தது. பிறகு கூகுள் சில தளர்வுகளைத் தருவதாகச் சொன்னது. இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியத்தை ஒரே குறுஞ்செய்தியில் சுருட்டிக்கொண்டு போகும் மோசடிக்காரர்களை நாம் அறிவோம். ஆனாலும், தன் தாயின் குழுவுக்காக ஒரு சிறு கணக்குச் செயலியை எழுதிப் பார்க்கும் திருச்சுழி மாணவி, அதற்கு முதலில் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் வாயிற்காவலனிடம் முகவரி கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது எனக்கு உவப்பாக இல்லை.

ஆர்வமுள்ளவர்கள் வீட்டில் செய்து பார்க்க ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டுக் கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, ‘கருவி பற்றி’ என்ற பகுதியில் சட்டத் தகவல்களைத் தேடுங்கள். அங்கே பிறர் எழுதிய மென்பொருள்களின் உரிமங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். அந்தக் கருவிக்குள் இருக்கும் திறமூல மென்பொருள்களின் பெயர்களும், அவற்றை எழுதியவர்களின் பெயர்களும், எவ்வாறு பயன்படுத்தலாம் என்ற வாசகங்களும் வந்துகொண்டே இருக்கும். ஒரு முழு செபமாலை சொல்லும் நேரத்திலும் அதைப் படித்து முடிக்க இயலாது. முதல் சில பக்கங்களையாவது குழுவின் அடுத்த கூட்டத்தில் யாரேனும் ஒரு கல்லூரிப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொற்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.